அவள் கைக்கு வாங்காத துப்பாக்கி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் "அசிங்கமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை உனக்கு என்ன மீட்டிங் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை விடு. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் அன்றிலிருந்து புழுங்கிக்கொண்டிருக்கிறேன். பேசி அனுப்பினால் வேகமாக ஓடவிட்டுப் பாதிதான் கேட்பாய், அதனால் எழுதுகிறேன். அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். ஆயாம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். நான் மூலையில் உட்கார்ந்து இடது கையால் எழுதுகிறேன். அதுவும் உனக்கு அசிங்கமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு படி.

நிச்சயதார்த்தத்தில் என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நீ அதைப் பெருமையாக ஞாபகம் வைத்திருக்கிறாய். ரிஷிவந்தியத்தில் தேன்மொழி வீட்டுக் கூடத்தில் தட்டு மாற்றினோம். புடவை, பூ, பழம் எல்லாவற்றுக்கும் நடுவில் நீ ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தாய். உள்ளே காற்றுத் துப்பாக்கி, குறி பார்த்துச் சுடுகிற போட்டிக்கு உண்டான கைத்துப்பாக்கி. லைசென்ஸ் வேண்டாம், ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும் என்று நீயே எல்லோரிடமும் சொன்னாய். கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கிற பெண், சாயந்திரம் சாயந்திரம் கிளப்புக்குப் போய் அங்கே கிடக்கிற பழைய துப்பாக்கியில் பழகுகிறவள். சொந்தமாக ஒன்று இல்லையே என்று அவள் ஏங்கியது உனக்குத் தெரிந்திருக்கிறது. பெட்டியைப் பார்த்ததும் எனக்கு உன்மேல் அவ்வளவு பாசம் வந்தது. என் பிள்ளை நகை நட்டு என்று போகாமல் அவளுக்கு எது வேண்டுமோ அதை வாங்கியிருக்கிறானே என்று பக்கத்தில் இருந்தவளிடம்கூடச் சொன்னேன்.

தேன்மொழி பெட்டியைத் திறந்து இடது கையால் எடுத்தாள். அவள் இடது கைக்காரி. எதை எடுத்தாலும் அந்தக் கைதான் முன்னால் வரும். எடுத்தவள் முகம் சுருங்கியது. இந்த மாதிரித் துப்பாக்கிகளின் மரப்பிடியை உள்ளங்கை வடிவத்துக்குக் குடைந்து செய்திருப்பார்கள். வலது கைக்குச் செய்தது இடது கையில் உட்காராது. கட்டைவிரலின் அடிமேடு உட்காரவேண்டிய இடத்தில் அவள் விரல் முட்டி இடித்தது. "மாத்தி குடுத்துட்டாங்க போலக்குது" என்று அவள் உன்னைப் பார்த்துச் சிரித்தாள். நீ என்ன சொன்னாய்? "மாத்திலாம் குடுக்கல. வேணும்னுதான் வாங்கனேன். இனிமே சோத்தாங்கையில சுட்டுப் பழகு. போட்டோவுக்கும் நல்லாருக்கும்." உன் பெரியப்பா உடனே ஆரம்பித்துவிட்டார். "பின்ன இன்னா, நல்லது கெட்டதுக்கெல்லாம் பீச்சாங்கைய நீட்டிக்கினு வந்து நின்னா வூடு வெளங்குமா?" எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்பாவும் சிரித்தார், பெண்ணைப் பெற்றவர் வேறு என்ன செய்வார்? தேன்மொழி துப்பாக்கியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். உன் போனைத் தொட்டால் முதலில் தெரிகிறதே, அந்தப் படம்தான். அதில் அவள் சிரிக்கிறாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வெயிலில் வந்த பித்தம் என்று சொல்லிச் சமாளித்தேன். பித்தம் இல்லை, உன்னைப் பார்க்கக் குமட்டியது. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தாய்க்கு இப்படித் தோன்றலாமா என்று கேட்பாய். தோன்றியது, எழுதுகிறேன்.

நீ எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்பதும் பிறகு தெரிந்தது. உன் சிநேகிதர்களோடு வெள்ளிமலைக்கு ஜீப்பில் போய் எடுத்த வீடியோவை உன் சித்தி மகள்தான் காட்டினாள். தட்டில் வைப்பதற்கு முந்தின வாரமே பெட்டியைப் பிரித்து, மலைப்பாதை ஓரத்தில் பீர் பாட்டிலை வரிசையாக நிற்கவைத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறாய். உடைந்த கண்ணாடி எல்லாம் சாமை விதைக்கிற நிலத்தில் கிடக்கிறது. அதில் வெறுங்காலோடு இறங்கப் போகிறவர்கள் யார் என்று உங்களில் ஒருத்தனுக்கும் நினைப்பு இல்லை. அந்த வீடியோவில் நீ துப்பாக்கியைத் தூக்கிக் காட்டி, "செம கிரிப்புடா, கைக்கு அப்படியே ஒட்டிக்கினு நிக்குது" என்கிறாய். யார் கைக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறது? உன் கைக்கு. உன் கை உன் அப்பா கை மாதிரி முறம்போல இருக்கும். அவள் கை சின்னது, விரல் குட்டை. கடையில் நீ உன் வலது கையை நீட்டி அளவு பார்த்து வாங்கியிருக்கிறாய். அவளுக்கு ரவிக்கை தைக்க உன் மார்பை அளந்து கொடுப்பாயா? சிரிக்காதே, நீ செய்தது அதுதான்.

கறுப்பாக இருக்கிறது, போலீஸ் துப்பாக்கி மாதிரி கம்பீரமாக இருக்கிறது, கனமாக இருக்கிறது என்று எத்தனை பேரிடம் சொன்னாய்! கனமாக இருந்தால் நல்லது என்று உனக்கு யார் சொன்னது? நம் வீட்டில் துப்பாக்கி என்றாலே இப்படித்தான். உன் பெரியப்பாவிடம் கரும்புக் காட்டில் பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி ஒன்று இருக்கிறதே, அதனால் இதுவரை ஒரு பன்றியின் வாலாவது அறுந்ததா? தேர்தல் அறிவித்தால் மட்டும் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, வெள்ளை வேட்டி கட்டி, கச்சிராயபாளையம் கடைத்தெரு வழியாகத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போவார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் பார்க்கவேண்டும். தேர்தல் முடிந்ததும் அதே ஊர்வலம் திரும்பி வரும். பன்றிகள் பாட்டுக்குக் கரும்பைத் தின்றுகொண்டிருக்கும். நீயும் அந்த வழியில்தான் நிற்கிறாய். அவள் குறி தப்பாமல் சுடவேண்டும் என்று நீ வாங்கவில்லை, உன் பெண்டாட்டி துப்பாக்கி வைத்திருக்கிறாள் என்று ஆபீஸில் காட்டுவதற்கு வாங்கினாய்.

மாதாந்திரக் கூட்டத்துக்குக் கள்ளக்குறிச்சி போனபோது அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளப்புக்குப் போனேன். பழைய நெல் குடோனைத் தடுத்துத்தான் அந்த இடத்தை வைத்திருக்கிறார்கள். உள்ளே இன்னும் தவிட்டு வாசனை அடிக்கிறது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். தேன்மொழி நீ வாங்கிக் கொடுத்ததை வலது கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்குகிறாள், கை நடுங்குகிறது, இறக்குகிறாள். மறுபடி தூக்குகிறாள். இடது கைக்காரிக்கு இடது கண்தான் குறி பார்க்கும் போலிருக்கிறது. வலது கையில் இருக்கிற துப்பாக்கியை இடது கண்ணுக்குக் கொண்டுவரக் கழுத்தை ஒடித்துச் சாய்த்துக்கொண்டு, பார்க்கவே பாவமாக இருந்தது. சுட்ட அட்டையை இழுத்துப் பார்த்த, அங்கே சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் என் பக்கம் திரும்பிக் கத்தினார். "போன மாசம் வரைக்கும் கறுப்பு வட்டத்துக்குள்ளயே வெச்சிக்கினு இருந்த பொண்ணும்மா இது. இப்ப பாருங்க, அட்டை ஓரத்துல போட்டுக்கினு இருக்குது. மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கறது அடுத்த மாசம். யாரு சொல்லி கைய மாத்துச்சின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது."

அவள் வாயைத் திறக்கவில்லை, நான் திறந்தேன். என் பிள்ளைதான் சொன்னான் என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் கிளப்பின் பழைய துப்பாக்கியை எடுத்து, காலி என்று திறந்து காட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். அதன் பிடி இடது கைக்குக் குடைந்தது. வார்னிஷ் எல்லாம் போய் வியர்வையில் கறுத்திருக்கிறது. "நீங்களே பாருங்கம்மா. எது நல்ல துப்பாக்கின்னு கேட்டா நான் இத மட்டும்தான் செய்யச் சொல்லுவேன். அட்டைக்கு நேரா நின்னு கண்ண மூடிக்கங்க. கைய மெதுவா தூக்குங்க. அப்பறம் கண்ணத் தொறங்க. முன்னால இருக்கற குறி பின்னால இருக்கற பள்ளத்துக்கு நடுவுல தானா வந்து நின்னா அது உங்க கைக்கு உண்டானது. நிக்கலன்னா எவ்ளோ வெலயானாலும் வேணாம்னு வெச்சிட்டு வாங்க." எந்தக் கை என்று அவரும் கேட்கவில்லை. என் இடது கை தானாக நீண்டது. கண்ணை மூடித் தூக்கித் திறந்தேன். எனக்குக் கொஞ்சம் பெரிய பிடிதான், ஆனாலும் அந்தச் சின்ன ஆணி மாதிரி இருக்கிற குறி பள்ளத்துக்கு நடுவில் நின்றது. நான்கு பேர் பார்க்கிற இடத்தில் நான் இடது கையை நீட்டி நிற்கிறேன், ஒருத்தரும் சீ என்று சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது தம்பி. இந்த வயதில் ஒரு நெல் குடோனில் நின்றுகொண்டு எதற்கு அழுகிறோம் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

அப்புறம் தேன்மொழியிடம், "இத எடு, இதுல சுடு" என்றேன். தயங்கினாள். "எடு" என்று அதட்டினேன். எடுத்தாள். தோள் இறங்கியது, கழுத்து நேரானது, மூச்சை விட்டாள். அந்தப் பெண் நிற்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. அட்டை வந்தபோது துளை எல்லாம் கறுப்புக்குள் இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். குதித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்று, குரலைத் தாழ்த்தி, "அத்த, நான் இதுல சுட்டத அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

இன்னும் கழுத்தில் தாலி ஏறவில்லை. அதற்குள் உன்னிடம் மறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். தன் கையைத்தான் மறைக்கிறாள், திருடியதையா மறைக்கிறாள்? அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. நான் அவளிடம் நேராகவே சொல்லிவிட்டேன், "சொல்லத்தான் போறேன். நீ பயப்படாத, நான் பாத்துக்கறேன்." அவள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினாள். வலது கையிலேயே பழகிவிடுமாம். உனக்குச் சந்தோஷம் என்றால் அவளுக்கும் சந்தோஷமாம். இதை அவள் சொன்னபோது நீ அங்கே இருந்திருந்தால் நெஞ்சை நிமிர்த்தியிருப்பாய். எனக்குப் பளாரென்று உன்னை ஒன்று வைக்கத் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உனக்குப் போன் செய்தேன். "அவளே ஒத்துக்கினா, உனக்கு இன்னாம்மா?" என்றாய். சரி, அது ஒரு பேச்சு. அடுத்ததாகச் சொன்னாய் பார், "பீச்சாங்கையில துப்பாக்கி புடிச்சிக்கினு இருக்கற மாதிரி போட்டோ போட்டா எவனாவது சிரிப்பாம்மா. அந்தக் கை இன்னா கைன்னு எல்லாருக்கும் தெரியும். அசிங்கமா இருக்கும்மா." பொறியியல் படித்தவன், கம்ப்யூட்டரில் வெளிநாட்டுக்காரனோடு பேசுகிறவன், என் வயிற்றில் பிறந்தவன் சொல்கிறான். அங்கன்வாடியில் சேர்க்க வருகிற அம்மாக்கள் சொல்வார்கள், "டீச்சர், இது பீச்சாங்கையில எழுதுது, ரெண்டு வையுங்க" என்று. நான் அந்தப் பிள்ளை எந்தக் கையை நீட்டுகிறதோ அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்துவிட்டு, அம்மாவை வெளியே போகச் சொல்வேன். ஊரார் பிள்ளைகளை எல்லாம் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டிலேயே இன்னொரு பெரியப்பா வளர்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

உன் தாத்தா கருமாதியை நீ மறந்திருப்பாய். அப்போது நீ இரண்டாவதோ மூன்றாவதோ படித்தாய். பங்காளிகள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் வாளி கனம், அதை வலது கையில் தூக்கிக்கொண்டு இடது கையால் கரண்டியைப் பிடித்து ஊற்றிக்கொண்டு வந்தேன். எனக்கு எந்தக் கையில் நிதானமோ அந்தக் கையில்தானே ஊற்றமுடியும்? உன் பெரியப்பா இலையில் ஊற்றியதும் அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "யாருக்குப் போடற சோறு இது? பீச்சாங்கையால போட்டுக்கினு வர, எனக்கு வாந்தி வருது" என்று சொல்லி இலையை மடித்தார். உன் அப்பா தலையைக் குனிந்தபடி தின்றுகொண்டே இருந்தார். அந்த நேரத்தில் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த நீ, "எனக்கும் வேணாம்" என்று உன் சின்ன இலையை மடித்தாய். "பாரு, சின்னவனுக்கே தெரியுது" என்று எல்லோரும் சிரித்துக் கலகலப்பாகிவிட்டார்கள். நான் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, வலது கையில் கரண்டியைப் பிடித்து, பாதி சாம்பாரைத் தரையில் சிந்திக்கொண்டு மிச்சப் பந்தியை முடித்தேன். குழந்தை, பெரியவர் செய்ததைப் பார்த்துச் செய்துவிட்டது என்று அன்றைக்கே அதை விட்டுவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து நிச்சயத் தட்டில் நீ அதே இலையை மடிப்பாய் என்று நான் நினைக்கவில்லை.

அந்தக் கை என்ன கை என்று எல்லோருக்கும் தெரியும் என்கிறாய். உனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் நான் சொல்கிறேன். நீ நடக்கும் வரைக்கும், நடந்த பிறகும், பள்ளிக்கூடத்தில் டவுசரை நனைத்துக்கொண்டு வந்த நாட்களிலும், உன்னைக் கழுவிவிட்டது அந்தக் கைதான். உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நீ எடுத்த வாந்தியை ஏந்தியதும் அதுதான். ஒரு நாளாவது முகம் சுளித்தேனா? இங்கே இன்றைக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைத்தான் செய்கிறேன். மலத்தைத் தொட்டபோதெல்லாம் வராத அருவருப்பு, நீ அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு வந்தது.

உன் அப்பாவிடம் சொன்னேன். "வுடு, அவன் ஆசையா வாங்கனான்" என்கிறார். அவர் இன்னும் அந்தப் பந்தியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் எழுந்துவிட்டேன், அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மாஸ்டரிடம் விசாரித்துவிட்டேன். துப்பாக்கியை மாற்றவேண்டியதில்லை, பிடியை மட்டும் கழற்றி மாற்றலாம். இடது கைக்கு உண்டான, சின்ன அளவுப் பிடி கடையில் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். பில் உன் பேரில் இருக்கிறது, நீதான் போய்ச் சொல்லவேண்டும். கடைக்காரன் யாருக்கு என்று கேட்டால், நான் கட்டிக்கொள்ளப் போகிற பெண் இடது கைக்காரி என்று வாய்விட்டுச் சொல். அளவு வேண்டுமென்றால் அவளிடம் கேள், அவள் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பச் சொல். உன் கையைக் கடையில் நீட்டாதே. வாங்கி வந்து ரிஷிவந்தியத்துக்கு நீயே எடுத்துக்கொண்டு போ. தட்டு வேண்டாம், போட்டோ வேண்டாம். அவள் கண்ணை மூடித் தூக்கி, திறந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்கிற வரைக்கும் பக்கத்தில் நில். ஆள் எடுக்கிற நாளுக்கு முன்னால் இது நடக்கவேண்டும். இல்லையென்றால் அவள் கிளப்புப் பழசிலேயே போய்ச் சுடட்டும், நான் கூடப் போகிறேன், நீ வரவேண்டாம்.

கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி அச்சாபீஸிலிருந்து வந்து மேசைமேல் கிடக்கிறது. சரி என்று நான் இன்னும் சொல்லவில்லை. அவள் தானாக வந்து, மறைக்க ஒன்றும் இல்லை அத்தை என்று என்னிடம் சொல்கிறவரை சொல்லவும் மாட்டேன். நீ கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் சரிதான்.

கல்யாணம் நடந்தால் ஒன்று மட்டும் இப்போதே தெரிந்துகொள். பந்தியில் நீயும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவீர்கள், பெரியப்பாவும் முதல் வரிசையில்தான் இருப்பார். உங்கள் இலைகளுக்கு நான்தான் பரிமாறப் போகிறேன். வாளியை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் கரண்டியைப் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் உன் இலையில் ஊற்றுவேன். உன் பெரியப்பா எழுந்து போவார், போகட்டும். அவள் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது உன் கை இலையை மடிக்கிறதா, சோற்றைப் பிசைகிறதா என்று நானும் பார்க்கிறேன்.

அம்மா